தரையில் காது வைத்த தளபதி

எங்கள் ஊரில் ரோமானியப் பேரரசு இன்னும் விழவில்லை. சனி, ஞாயிறுகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. டான்யூப் ஆற்றின் கரையில், மூடிக் கிடக்கும் தக்காளிப் பதன ஆலைக்குப் பின்னால், மண் அரணும் மரவாசலுமாக அதற்கு ஒரு பாசறை உண்டு. வாரநாட்களில் அதன் வீரர்கள் பல் பிடுங்குகிறார்கள், பத்திரம் பதிகிறார்கள், டயர் விற்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை கைபேசிகளை ஒரு மண்பானையில் போட்டு, பானையின் வாயைக் களிமண்ணால் பூசிவிட்டு, லத்தீன் பெயர்களுக்கு மாறிக்கொள்கிறார்கள்.

இது ஒரு விளையாட்டு. ஆனால் அப்படிச் சொல்லக் கூடாது. ‘விளையாட்டுதானே’ என்று சொல்வது படையின் விதிநூலில் ஒரு குற்றம். காவலில் தூங்குவதற்கும் கழுகுக்கொடியைக் கைவிடுவதற்கும் நடுவில் அது இடம்பெற்றிருக்கிறது.

வீரர்கள் போரிடுவது பக்கத்துக் கிராமத்திலிருந்து மினிபஸ்ஸில் வரும், ரோமின் பழைய எதிரிகளான கோத்தியர்களுடன். போர் முடிந்ததும் விருதுகள். வெண்கலக் காப்பு, கழுத்து வளையம், மார்பில் தோல்வாரில் கோத்துத் தொங்கும் வட்டப் பதக்கங்கள், எல்லாவற்றுக்கும் மேலே, தலையில் சூடும் முடிகள். யாருக்கு எது என்பதை விருதுக் குழு தீர்மானிக்கும். குழுவின் தலைவர் ஸ்பிரிதோன், வாரநாட்களில் ஊரின் நோட்டரி. நடந்தது என்பது ஒன்று, நடந்ததாக ஏற்கப்பட்டது என்பது வேறொன்று. இரண்டாவதுக்கு மட்டுமே முத்திரை உண்டு என்பது அவர் கொள்கை. பல் மருத்துவர் அசெனுக்கு, கோட்டைச் சுவரில் முதலில் ஏறியவருக்கான முடியை இந்தக் குழுதான் வழங்கியது. பலகை கிடைக்காததால் அந்த ஆண்டு சுவர் கட்டப்படவே இல்லை. ஆனால் அசெனுக்கு முன்னால் வேறு யாரும் ஏறவில்லை என்பதை ஒருவராலும் மறுக்க முடியவில்லை. அவர் இப்போது நூற்றுவர் தலைவர்.

படைத்தளபதி வெலிச்கோ. நகரக் குடிநீர் நிலையத்தின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அதே வருடத்தில் மனைவியையும் இழந்தார். அதற்குப் பிறகு அவர் தினமும் சவரம் செய்துகொள்வது படைக்காக மட்டுமே என்பது ஊருக்குத் தெரியும். எட்டுப் பதக்கங்கள் வைத்திருந்தார். மார்பில் ஒன்பதுக்கு இடம் இருந்தது.

அவருடைய மருமகன் கலின், டயர் கடைக்காரன். மாமனார் படைவீரர்களுடன் மட்டுமே பேசுகிறார் என்று மனைவி ரலிட்சா சொன்னதால் படையில் சேர்ந்தான். அவனுக்குக் கிடைத்த பதவி கோவேறு கழுதை. படையிடம் கழுதை இல்லை. ஆனால் விதிநூலில் கழுதையின் சுமை இருந்தது. அதை அவன் சுமந்தான்.

ஜூலையில் ஓக் காட்டுக்குள் ஒரு நெடுநடைப் பயிற்சி. திராட்சைத் தோட்டங்களைத் தாண்டும்போதே வெயில் இரும்புக் கவசங்களைச் சுட ஆரம்பித்திருந்தது. ஊற்றுக்குப் பக்கத்தில் வெலிச்கோ ஒரு கையை உயர்த்தினார். எல்லோரும் நின்றார்கள். அவர் மல்லாந்து விழுந்தார்.

யாரும் அசையவில்லை.

“வரிசை கலையக் கூடாது!” என்று அசென் கத்தினார். “தளபதி கட்டளை குடுக்கட்டும்!”

தளபதி கீழே கிடந்ததால் கட்டளை வரவில்லை. கலினுக்கு மட்டும் வரிசையில் இடம் கிடையாது. கழுதை வரிசைக்கு வெளியே நடக்க வேண்டும். அவன் சுமையைப் போட்டுவிட்டு ஓடினான். கவசத்தின் வார்களை அறுத்தான். மூக்கில் கை வைத்தான். மூச்சு இல்லை.

ஓட்டுநர் உரிமத்துக்காகப் போன முதலுதவி வகுப்பில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் மார்பை அழுத்தியது அவனுக்கு நினைவிருந்தது. அந்தப் பொம்மையை அவன் சாகடித்துவிட்டதாக ஆசிரியை சொல்லியிருந்ததும் நினைவிருந்தது. இருந்தாலும் அழுத்தினான். ஏதோ ஒன்று கிழவரின் மார்புக்குள் சுள்ளி மாதிரி முறிந்தது. அழுதுகொண்டே அழுத்தினான். கிழவர் இழுத்து மூச்சுவிட்டார். கண் திறந்தார்.

“என் தலைக்கவசத்த எவன் கழட்டுனது?”

“மாமா, உங்களுக்கு மூச்சே இல்ல மாமா.”

“இங்க மாமா கிடையாது. தளபதின்னு சொல்லு.”

ஆம்புலன்ஸ் கூப்பிடலாம் என்றான் கலின். எதில் கூப்பிடுவது? பானை பாசறையில் இருந்தது. தளபதி எழுந்து, விலாவைப் பிடித்தபடி, முன்னால் நடந்தார். படை பின்னால் நடந்தது. கலின் சுமையைத் தூக்கிக்கொண்டான்.

வீட்டு பால்கனியில் வெலிச்கோ ராக்கியா மதுவும் தக்காளி சாலடுமாக உட்கார்ந்திருந்தார். சிரிக்கும்போது விலா வலித்தது. அதனால் சிரிக்காமல் இருந்தார்.

“வெயிலும்மா, வேற ஒண்ணுமில்ல. வெயில்ல யாருக்கு மயக்கம் வரல?”

“மயக்கமில்லப்பா. நெஞ்சு நின்னிருக்கு. நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம்,” என்றாள் ரலிட்சா.

“விழா முடியட்டும்.”

விழா ஆகஸ்ட் கடைசியில். தலைநகரிலிருந்து தொலைக்காட்சி வண்டி வரும். தளபதி முழுக் கவசத்துடன், கழுகுக்கொடியை உயர்த்தி, மைதானத்தைச் சுற்றி வர வேண்டும்.

ரலிட்சா உள்ளே போய் விதிநூலுடன் திரும்பி வந்தாள். அது அவர்கள் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த பரிசு. சமையலறையில் கலினை நிறுத்தி ஒரு வரியைக் காட்டினாள். உயிர் காக்கப்பட்டவர், மருத்துவர் பரிசோதித்து நலம் என்று சொல்லும்வரை ஆயுதமோ கொடியோ ஏந்தலாகாது.

“நான் சொன்னா கேக்க மாட்டார். டாக்டரே சொன்னாலும் கேக்க மாட்டார். இந்தப் புத்தகம் சொன்னா கேப்பார்.”

“அதுக்கு நான் என்ன பண்ணணும்?”

“விருது கேளு. குடிமகன் ஒருத்தன் உயிரக் காப்பாத்துனா ஓக் இலை முடி. நீ அத வாங்கிட்டா, அவர் காக்கப்பட்டவர்னு ஆயிடும். பரிசோதனை பண்ணித்தான் ஆகணும்.”

“எல்லாரும் என்ன நினைப்பாங்க? மாமனார் நெஞ்சுல குத்திட்டுப் பரிசு கேக்கறான்னு சொல்வாங்க.”

“சொல்லட்டும். அவர் உயிரோட இருந்துக்கிட்டே சொல்லட்டும்.”

நோட்டரி ஸ்பிரிதோன் எழுந்து நின்று கலினின் கையைக் குலுக்கினார்.

“ஓக் இலை முடி! நம்ம படையில இத இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல. கழுதை ஒண்ணு கேக்குது பாருங்க. உங்க ஆசை எனக்குப் புடிச்சிருக்கு.”

“ஆசையெல்லாம் இல்லங்க. மாமாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். அவ்வளவுதான்.”

“எல்லாரும் ஒரு நல்ல காரணத்தோடதான் வருவாங்க.” அவர் கண்ணாடியைத் துடைத்தார். “நிபந்தனைகளச் சொல்றேன். குடிமகனக் காப்பாத்தியிருக்கணும். சரி. அதே இடத்துல எதிரி ஒருத்தனக் கொன்னிருக்கணும். எதிரி எங்க?”

“எதிரியே வரலீங்களே. வெயில்தான்.”

“வெயிலக் கொல்ல முடியாது தம்பி. அப்புறம், காப்பாத்தப்பட்டவர் தன் வாயால ஒத்துக்கணும். வேற யார் சாட்சியும் செல்லாது. அந்தக் காலத்துல ரோமர்கள் வெச்ச விதி, நான் வெச்சதில்ல. ஒத்துக்கிட்டா, வாழ்நாள் முழுக்க உங்களத் தன்னோட தகப்பனா மதிக்கணும்.”

“அவர் எனக்கு மாமனாருங்க.”

ஸ்பிரிதோன் பேனாவைக் கீழே வைத்தார். முதல்முறையாக அவர் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது.

“அப்ப நீங்க அவருக்கு அப்பா. அவர் மக உங்களுக்குப் பேத்தி. பேத்தியோட குடித்தனம் பண்றீங்கன்னு ஆகுது. இதுக்கு ஒரு துணைக்குழு போட்டாகணும்.”

செத்த எதிரியைத் தேடி கலின் பக்கத்துக் கிராமத்துக்குப் போனான். கோத்தியர்களின் தலைவன் தொன்சோ அங்கே இறைச்சி வாட்டும் கடை வைத்திருந்தான். அடுப்புக்கு முன்னால் வியர்த்து நின்றவனிடம் கலின் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“உங்க ஆள் ஒருத்தர் செத்துப் போகணும்ணே.”

“எப்ப?”

“போன மாசம்.”

தொன்சோ கெபாப்சேயைப் புரட்டிப் போட்டான். “தம்பி, இந்த வருசம் எங்க ஆளுங்க ஏற்கெனவே அளவுக்கு மேல செத்துட்டாங்க. உங்க காப்பு, வளையம், பதக்கம் எல்லாத்துக்கும் யார் சாவறது? நாங்க. எங்களுக்குன்னு ஒரு தகரத் துண்டு குடுத்திருக்கீங்களா? போன வருசம் என் மச்சான் ஒரே மத்தியானத்துல நாலு பேருக்காகச் செத்தான். இப்ப முதுகு புடிச்சுக்கிட்டுக் கெடக்கான்.”

“இது விருதுக்காக இல்லண்ணே.” கலின் நடந்ததைச் சொன்னான். மூச்சில்லாத மூக்கையும், முறிந்த விலாவையும், விழாவில் தூக்க வேண்டிய கொடியையும் சொன்னான்.

தொன்சோ அடுப்பிலிருந்து விலகி வந்தான். “பெரியவருக்கா? எங்கப்பாவும் இப்படித்தான், வெயிலு வெயிலுன்னுட்டு இருந்தார்.” கையைத் துண்டில் துடைத்தான். “நானே சாவறேன். போய்ச் சொல்லிக்கோ. தலைவனே செத்தான்னா மறுக்க மாட்டானுங்க இல்ல?”

மறுக்கவில்லை. ஆனால் எதிரித் தலைவன் செத்தான் என்ற செய்தி பரவியதும், அவனைக் கொன்றது நான்தான் என்று மூன்று பேர் முன்வந்தார்கள். முதலாமவர் அசென். ஊற்றுக்குப் பின்னால் ஏதோ ஒரு முடி அடர்ந்த உருவத்தைக் குத்திய ஞாபகம் இருப்பதாகவும், பணிவு காரணமாக இதுவரை சொல்லவில்லை என்றும் அவர் தெரிவித்தார். மற்ற இருவரும் அன்றைய நடைக்கு வரவே இல்லை. அதனால் அவர்கள் தனியாக, வேறு திசையிலிருந்து வந்து கொன்றதாக ஏற்கப்பட்டது.

விசாரணை பெரிய கூடாரத்தில் நடந்தது. விதிப்படி தளபதிதான் நீதிபதி. ஆகவே வெலிச்கோ நீதிபதியின் நாற்காலியிலிருந்து சாட்சியாகத் தன் பெயரைத் தானே அழைத்து, எழுந்து வந்து எதிரே நின்றார்.

“அன்னைக்கு ஓக் காட்டுல நீங்க விழுந்தீங்களா?” என்று ஸ்பிரிதோன் கேட்டார்.

கலின் மாமனாரைப் பார்த்தான். மாமனார் கூடாரத் துணியைப் பார்த்தார்.

“நான் விழல.”

“படுத்திருந்ததப் பல பேர் பாத்திருக்காங்க. காவல் நேரத்துல தூங்குனா தண்டனை கடுமையானது. அதுனால யோசிச்சுச் சொல்லுங்க.”

“தூங்கவும் இல்ல.” வெலிச்கோ நிமிர்ந்தார். “தரையில காது வெச்சேன். கோத்தியர் குதிரைச் சத்தம் கேக்குதான்னு.”

“மாமா, நீங்க மல்லாந்து கெடந்தீங்க!” என்றான் கலின்.

“காது பக்கவாட்டுலதான இருக்கு,” என்றார் அசென். “மல்லாந்து படுத்தாலும் தரைக்குப் பக்கந்தான். மருத்துவம் படிச்சவன்கிற முறையில சொல்றேன்.”

“மூச்சு இல்லையே!”

“உன்னிப்பாக் கேக்கறவன் மூச்சப் புடிச்சுக்கத்தான் செய்வான்,” என்றார் வெலிச்கோ மெதுவாக.

ஸ்பிரிதோன் முகம் மலர்ந்தது. “அன்னைக்கு எதிரி அங்க வந்திருக்கான். வந்தது மட்டுமில்ல, அவங்க தலைவனே அங்க செத்திருக்கான். இத யார் சொன்னது? கலினே ஆதாரத்தோட கொண்டுவந்திருக்கார். ஆக, தளபதி கேட்டது சரியாத்தான் கேட்டிருக்கு.”

கலின் வாயைத் திறந்தான். எதைச் சொன்னாலும் அதுவும் ஆதாரமாகிவிடும் என்று பட்டது. மூடிக்கொண்டான்.

தீர்ப்புக்கு முன் ஸ்பிரிதோன் ஆற்றிய உரையை அங்கிருந்தவர்கள் இன்றும் பாராட்டிச் சொல்கிறார்கள்.

“சகோதரர்களே, இந்தக் குழு உண்மையத் தேடுதுன்னு சில பேர் தப்பா நினைக்கறாங்க. உண்மை திங்கக்கிழமை காலையில எல்லாருக்கும் கெடைக்குது. பஸ்ல கெடைக்குது, மளிகைக் கடையில, ஆஸ்பத்திரி வராந்தாவுல கெடைக்குது. அதத் தேடியா நாம இங்க வர்றோம்? நாம வர்றது முடிவுக்காக. இங்க ஒரு மனுசன் என்னவா இருக்கான்னு நாம முடிவு பண்ணுறோம். அவன் அப்படியே ஆயிடறான். வேற எந்த ஆபீஸ்லயும் இந்தச் சேவை கெடைக்காது.”

பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

விழிப்புக்காகத் தளபதிக்கு ஒன்பதாவது பதக்கம். இனிமேல் தளபதி தரையில் படுத்தால், படை முழுவதும் படுத்து, தரையில் காது வைத்து, அவர் எழும்வரை ஓசையின்றிக் கிடக்க வேண்டும் என்று ஒரு புதிய பயிற்சி. உளவு கேட்டுக்கொண்டிருந்த தளபதியின் மார்பில் குத்தி விலாவை உடைத்ததற்காகக் கலினுக்குத் தண்டனை: கோதுமைக்குப் பதில் பார்லி ரொட்டி, அரணுக்கு வெளியே கூடாரம். எதிரித் தலைவனைக் கொன்ற மூவருக்கும் ஆளுக்கொரு கழுத்து வளையம்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், அரணுக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருந்த கலினிடம் வெலிச்கோ வந்தார். போர்வைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானித்ஸா. இன்னும் சூடாக இருந்தது.

“சாப்பிடு மாப்ளே. எவனும் பாக்கல.”

“எனக்கு வேண்டாம் மாமா. நாளைக்கு மட்டும் கொடியத் தூக்காதீங்க. அசென்கிட்ட குடுங்க.”

வெலிச்கோ பக்கத்தில் உட்கார்ந்தார். உட்காருவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

“நெஞ்சு நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைக்கற? நின்னது எனக்குத்தான.” ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசினார். “டாக்டர்கிட்ட போனா என்ன சொல்வான்? உக்காருங்கன்னு சொல்வான். பால்கனில உக்காரணும். அங்க எதுத்தாப்புல ஒரு நாற்காலி காலியா இருக்கு. அத எவ்வளவு நேரந்தான் பாத்துட்டு இருக்கறது?”

“நாங்க இருக்கோம் மாமா.”

“இருக்கீங்க. எனக்குக் கோவமில்ல மாப்ளே, உன் மேல.” விலாவைத் தடவினார். “நல்லாத்தான் குத்துன. விழா முடியட்டும். நீயே கூட்டிட்டுப் போ, வர்றேன். சத்தியமா.”

எழுந்து நின்றதும் போர்வையைச் சரிசெய்துகொண்டார். வாசற்காவலன் காதில் விழும்படி உரக்கச் சொன்னார்: “பார்லி ரொட்டியத் தவிர வேற எதுவும் தின்னக் கூடாது, புரியுதா?”

மறுநாள் வெயில் கடுமையாக இருந்தது. அரணுக்குள்ளே மைதானத்தைச் சுற்றிலும் கூட்டம். கெபாப்சே புகை, பலூன், பிள்ளைகளுக்கு மரவாள். ரலிட்சா முன்வரிசையில் நின்றாள். ஸ்பிரிதோன் ஒன்பதாவது பதக்கத்தைத் தோல்வாரில் மாட்டினார். வெலிச்கோ கழுகுக்கொடியை இரண்டு கையாலும் உயர்த்தினார். அது ஒரு கணம் வானத்தில் நிலையாக நின்றது. பிறகு ஆடியது. அவர் முழங்காலிட்டு, பக்கவாட்டில் சாய்ந்து, தரையில் கன்னம் பதிய விழுந்தார்.

படை முழுவதும் ஒரே சீராகப் படுத்தது. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. சில வாரப் பயிற்சி வீண்போகவில்லை.

“தளபதி எதிரியின் குதிரைச் சத்தத்தைக் கேட்கிறார்!” என்று அசென் படுத்தபடியே கையிலிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார். “அனைவரும் தயவுசெய்து அமைதி காக்கவும்!”

கூட்டம் அடங்கியது. அப்படி ஓர் அமைதியை எங்கள் ஊர் அதற்கு முன் கேட்டதில்லை. “அப்பா!” என்று ரலிட்சா கத்தினாள். சுற்றியிருந்தவர்கள் திரும்பி, உதட்டில் விரல் வைத்து, “உஷ்!” என்றார்கள். அவள் வேலியை முட்டித் தள்ளினாள். இரண்டு பேர் அவளை அன்பாகப் பிடித்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து கைதட்டல் தொடங்கியது.

அரணுக்கு வெளியே நின்ற கலின் வாசலுக்கு ஓடினான். காவலன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான்.

“அடையாளச் சொல்?”

“யோவ், மாமா விழுந்துட்டார்யா!”

“அது இல்ல. இன்னைக்கு வேற.”

வெளியே தங்குபவர்களுக்கு அடையாளச் சொல் சொல்லப்படுவதில்லை. கலின் மரவாசலில் மோதினான். பின்னால், தங்கள் தாக்குதல் நேரத்துக்காகப் புதருக்குள் காத்திருந்த தொன்சோ அவன் குரலைக் கேட்டான். “டேய், வாங்கடா!” என்று கத்திக்கொண்டு கோத்தியர்கள் எல்லோரும் ஓடிவந்து வாசலைப் பெயர்த்துத் தள்ளினார்கள். நிகழ்ச்சி நிரலில் இல்லாத இந்தத் தாக்குதலுக்குத்தான் அன்று அதிகக் கரவொலி.

கலின் கவசத்தை அறுத்தான். ஒன்பது பதக்கங்களும் வாரோடு வந்தன. அழுத்தினான். தொன்சோ மண்பானையைத் தூக்கித் தரையில் அடித்து உடைத்து, கையில் கிடைத்த கைபேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். அவர்களைச் சுற்றி வீரர்கள் தரையில் காது வைத்துக் கிடந்தார்கள். தளபதி இன்னும் எழவில்லை. ஒருவன் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, பக்கத்தில் கிடந்தவனிடம் கேட்டான்:

“உனக்கு ஏதாவது கேக்குதா?”

“இல்ல. உனக்கு?”

ஆம்புலன்ஸ் பாலத்தைத் தாண்டுவதற்குள் வெலிச்கோ இறந்துவிட்டார்.

ஊரில் அவருடைய மரண அறிவிப்புகள் இரண்டு விதமாக ஒட்டப்பட்டன. ரலிட்சா ஒட்டியதில் அம்மாவுடன் கடற்கரையில் எடுத்த படம். படை ஒட்டியதில் தலைக்கவசமும் லத்தீன் பெயரும். யார் செத்தது என்று தெரியாமல் குடிநீர் நிலையத்து ஆட்கள் அதன் முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார்கள்.

விருதுக் குழு கூடி, கலினின் விண்ணப்பத்தை முடித்துவைத்தது. காக்கப்பட்டவர் தன் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் இப்போது இல்லாததால் முதல்முறை காப்பாற்றியதும் நிரூபிக்கப்படாததாகிறது. கலினின் மனம் புண்படக் கூடாது என்பதற்காக, அது நடக்கவில்லை என்று குழு சொல்லவில்லை என்பதையும் ஸ்பிரிதோன் சேர்த்துக்கொண்டார். மண்பானையை உடைத்ததற்காகக் கோத்தியர்களுக்கு ஒரு கண்டனமும் அனுப்பப்பட்டது.

நாற்பதாம் நாள் கல்லறையில் ரலிட்சா எல்லோருக்கும் சர்க்கரை தூவிய அவித்த கோதுமை கொடுத்தாள். படையினர் வரிசையாக வந்து வாங்கிக்கொண்டார்கள். கலின் தன் கிண்ணத்தை எடுத்தபோது அசென் அவன் முழங்கையை மெல்லத் தொட்டார்.

“தப்பா நினைக்காதப்பா. உன் தண்டனைக் காலம் இன்னும் முடியலையே. கோதுமை சாப்பிடலாமா?”

ரலிட்சா அதைக் கேட்டாள். கிண்ணத்தைக் கலினின் கையிலேயே வைத்து அழுத்தி, அவன் கடைசிப் பருக்கையைச் சாப்பிடும்வரை அசெனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் பிறகு அவள் பாசறைப் பக்கம் போகவில்லை.

கலின் போகிறான். ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரிவதில்லை. அசென்தான் இப்போது தளபதி. விழாவில் அவர் படுக்கும்போது படை முழுவதும் படுக்கிறது. தலைநகரிலிருந்து ஆட்கள் வருவதே அந்த மௌனத்தைக் கேட்கத்தான். எல்லோரும் படுத்துக் கிடக்கும்போது, ஒருவன் மட்டும் படுக்காமல், சுமையை இறக்கிவைத்துவிட்டு, வரிசை வரிசையாக நடந்துபோகிறான். ஒவ்வொருவர் பக்கத்திலும் குனிந்து, முதுகு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறான். கொஞ்சம் தாமதமாக ஏறினால் அங்கேயே நின்றுவிடுகிறான்.

கட்டளையை மீறியதற்காக ஒவ்வொரு வருடமும் குழு அவனுக்குப் பார்லி ரொட்டி விதிக்கிறது. அவன் அதைச் சாப்பிட்டுவிடுகிறான்.